பரிவட்டமும் சும்மாடும்

தஞ்சாவூரில் பார்க்க வேண்டிய மிக அழகான தலைப்பாகை துணியில் கட்டியதல்ல. அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் நிற்கிறார். 1011-இல், முதலாம் ராஜராஜன் ஆண்டபோது வார்த்த திருமேனி. சடையைப் புரி புரியாகத் திரித்துத் தலையைச் சுற்றி வளைத்து, இடையில் பாம்பையும் செருகி, முண்டாசாகக் கட்டிக்கொண்டிருக்கிறார் சிவன். ஒரு கை காளையின்மேல் சாய்ந்த வாக்கில் அந்தரத்தில் நிற்கிறது. காளை எப்போதோ காணாமல் போய்விட்டது. உழவு முடித்து மாட்டின்மேல் கை போட்டபடி வரப்பில் நிற்கும் குடியானவனை நாள்தோறும் பார்த்த கைதான் இதைச் செய்திருக்க வேண்டும். அந்த இடுப்பு ஒசிவும் அலட்சியமாகச் சுற்றிய தலைக்கட்டும் அரண்மனையில் கற்றுக்கொண்டவை அல்ல.

இந்த முறை நான் டெல்டாவுக்குப் போனது தலைத்துணி தேடித்தான். அதற்குக் காரணம் ஆப்பிரிக்கா. நைஜீரியாவின் தென்மேற்கிலும் பக்கத்து பெனின் நாட்டிலும் வாழும் யோருபா மக்களின் உடையைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே பெண்கள் விறைப்பான துணியை மடித்து மடித்து, தலையைவிடப் பெரிதாக ஒரு கட்டுக் கட்டுகிறார்கள், பெயர் கெலே. ஆண்களுக்கு அக்பாடா என்ற அகன்ற அங்கி, தலையில் ஃபிலா என்ற குல்லா. இசேயின் என்னும் ஊரில் நாலு விரற்கடை அகலத்துக்குப் பட்டை பட்டையாக நெய்து, அந்தப் பட்டைகளை ஒன்றோடொன்று தைத்துச் செய்யும் அஷோ ஓகேதான் அவர்களுடைய விசேஷத் துணி. கல்யாணம், கருமாதி என்று எது வந்தாலும் உறவுமுறை மொத்தமும் ஒரே துணி எடுத்து உடுத்துவதும் உண்டு. ராஜாவின் மணிமகுடத்திலிருந்து சரம் சரமாக மணிகள் தொங்கி முகத்தையே மறைத்துவிடும். அவர் முன்னால் மற்ற ஆண்கள் குல்லாவைக் கழற்றிவிட்டுத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும்.

படித்துக்கொண்டிருந்தபோதே ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. நம் பக்கத்தில் தலைத்துணி என்ன ஆயிற்று? ராஜா, கோவில், மிராசுதார், பண்ணையாள் என்று நாலு தட்டும் நெருங்கி வாழ்ந்த பூமி காவிரி டெல்டா. விடை எங்காவது இருக்குமானால் இங்கேதான் இருக்கும் என்று கிளம்பினேன்.

பெரிய கோவிலில் 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டெடுத்த சோழர் ஓவியங்கள் கருவறையைச் சுற்றிய இருட்டுச் சுற்றில் இருக்கின்றன. பொதுமக்களை அங்கே விடுவதில்லை. படங்களாகப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ராஜராஜன் என்றும் கருவூர்த்தேவர் என்றும் அடையாளம் சொல்லப்படும் இருவருக்கும் உடம்பின் மேல்பாதியில் துணி இல்லை, தலையிலும் இல்லை. முடியை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆடும் பெண்களின் இடுப்புத் துணியில் மட்டும் பூவும் கோடுமாக ஓவியன் ஆசை தீர விளையாடியிருக்கிறான். தலைக்குத் துணியும் குல்லாயும் அரச அடையாளமாக வந்தது பிற்பாடு, விஜயநகர வழி வந்த நாயக்கர்களோடும் 1670-களில் வந்த மராட்டியர்களோடும்தான். ஜான் பிளாக்ஸ்மன் வெள்ளைச் சலவைக்கல்லில் செதுக்கிய இரண்டாம் சரபோஜி, அரண்மனைத் தர்பார் மண்டபத்தில் கைகூப்பி நிற்கிறார். 1798 முதல் 1832 வரை பட்டத்தில் இருந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியார் படையையும் வரியையும் பிடுங்கிக்கொண்டு கோட்டையையும் புத்தகங்களையும் அவருக்கு விட்டிருந்தார்கள். நாடு இல்லாத அந்த ராஜாவின் தலையில் முக்கோணமாகக் கூம்பிய ஒரு தலையணி. அவர் காலத்துத் தஞ்சாவூர் ஓவியங்களில் அரச குடும்பத்தார் ஒருவர்கூட வெறுந்தலையோடு இருப்பதாக எனக்கு நினைவில்லை.

அரண்மனையிலிருந்து கச்சேரிக்கும் கல்லூரிக்கும் தலைப்பாகை இறங்கியது. கும்பகோணம் கல்லூரியில் 1880-இலிருந்து 1903 வரை தமிழ் சொன்ன உ. வே. சாமிநாதையரின் படத்தைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் இல்லை; அந்தத் தலைப்பாகையைக் கழற்றிவிட்டால் பலருக்கு அவரை அடையாளமே தெரியாது. வலங்கைமான்காரரான ஸ்ரீனிவாச சாஸ்திரியின் வெள்ளைத் தலைப்பாகை லண்டன் வரை போனது. வீட்டில் குடுமியும் மேல்துண்டும், உத்தியோகத்துக்குக் கோட்டும் தலைப்பாகையும்: இப்படி இரண்டு தலைமுறை வாழ்ந்தது. பிறகு கிராப்பு வந்தது, கதை முடிந்தது.

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வந்து, மயிலாடுதுறைச் சாலையில் திரும்பினால் திருபுவனம். மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய கம்பகரேசுவரர் கோவிலைச் சுற்றிப் பட்டுக் கடைகள். சௌராஷ்டிர நெசவாளர்களின் ஊர். 1955-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் இன்றும் நடக்கிறது. புடவைக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. புடவையைத் தட்டையாக மடிக்காமல் விசிறி மடிப்பாக மடித்துக் கொடுப்பது இந்த ஊர் வழக்கம். நான் போன காரியத்துக்கு இங்கே ஒன்றும் அகப்படவில்லை, மேலே நடந்தேன்.

கொள்ளிடத்தைத் தாண்டினால் அரியலூர் மாவட்டம். வடகரையில் கோடாலி கருப்பூர். தஞ்சாவூர் மராட்டிய அரச குடும்பத்துக்கென்றே வேட்டியும் தலைப்பாகைத் துணியும் புடவையும் செய்த ஊர் இது. இந்தியாவில் நெய்த துணிகளிலேயே இதைப்போல் வேலை வாங்கிய துணி இன்னொன்று இருந்திருக்குமா என்பது சந்தேகம். முதலில் மெல்லிய பருத்தியை நெய்யும்போதே சரிகைப் பூவைத் தறியில் கையாலே கோத்து எடுக்க வேண்டும். டாக்காவின் ஜம்தானி வேலை என்கிறோமே, அதே முறை. மற்ற ஊரில் இதோடு துணி முடிந்துவிடும். இங்கே பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. அதன்மேல் மெழுகால் எழுதி, எங்கே நிறம் ஏறக்கூடாதோ அங்கெல்லாம் மூடுவார்கள். பிறகு சாயவேரில் சிவப்பு ஏற்றுவார்கள். கறுப்புக் கோடும் கூடும். மெழுகு போன பிறகு பார்த்தால் அடர்சிவப்புக்கு அடியிலிருந்து தங்கம் மங்கலாக எட்டிப் பார்க்கும். சரிகையைக் காட்டுவதற்காக நெய்யும் ஊர்கள் ஆயிரம் உண்டு. சரிகையை நெய்து, அதைப் பாதி மறைத்த ஊர் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். பகட்டுக்குப் பேர்போன ஓர் அரச குடும்பம் இதைத் தலையில் கட்டிக்கொண்டது என்பது ஆச்சரியந்தான்.

1855-இல் கடைசி மராட்டிய ராஜா சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். ராஜ்யம் கம்பெனி வசம் போயிற்று. கருப்பூருக்கு வேறு வாடிக்கை பெரிதாகக் கிடையாது. இருபதாம் நூற்றாண்டு பிறந்த சில காலத்துக்குள் நெசவு நின்றுபோனது. மான்செஸ்டர் அச்சுத் துணியைக் குறை சொல்வது சுலபம். அதற்கும் பங்கு உண்டு. ஆனால் ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் துணி நெய்த ஊர், அந்த வீடு பூட்டப்பட்டபோது வேறு என்ன செய்திருக்க முடியும்? இன்று அந்தத் துணியைப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்துக்கோ லண்டனுக்கோ அகமதாபாத்துக்கோ போக வேண்டும். ஊரில் ஆற்று மணலும் வயலும் இருக்கின்றன. டீக்கடையில் விசாரித்தபோது, "அரண்மனைக்குத் துணி நெஞ்சாங்களாம், எங்க தாத்தா காலத்துக்கும் முன்னாடி" என்றதோடு பேச்சு மழைக்குப் போய்விட்டது.

எழுதும் கை மட்டும் ஆற்றுக்குத் தென்கரையில் பிழைத்திருக்கிறது. திருப்பனந்தாள் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலம்காரி எழுதும் குடும்பங்கள் சில உண்டு. கருப்பூர் கலம்காரி என்ற பெயரில் 2021-இல் இதற்குப் புவிசார் குறியீடு வந்தது. காடாத் துணியை அலசி, கடுக்காயும் எருமைப் பாலும் சேர்த்து ஊறவைத்து உலர்த்துகிறார்கள். பாலின் பசை இருப்பதால் சாயம் கசிந்து ஓடாது. புளியங்குச்சிக் கரியால் வரைந்துகொண்டு, மூங்கில் குச்சியின் நுனிக்கு மேலே நூலைச் சுற்றிய கலத்தால் எழுதுகிறார்கள். எழுதுபவர் அந்த நூல் உருண்டையை விரலால் லேசாக அமுக்குகிறார், சாயம் இறங்குகிறது. அமுக்கம் கொஞ்சம் கூடினால் கோடு தடித்துவிடும். பெரியவர் ஒருவர் யாளியின் மீசையை இழுத்துக்கொண்டிருந்தார். மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பு. முடித்த பிறகுதான் தலைநிமிர்ந்து "வாங்க சார்" என்றார்.

அவர்கள் செய்வதெல்லாம் கோவிலுக்குத்தான். தேரில் தொங்கும் தொம்பை, சுவாமிக்கு மேலே விதானமாகக் கட்டும் அஸ்மானகிரி, வாசல் தோரணம், குடை. "ஆள் உடுத்துற துணி எழுதுறதில்லையா?" என்று கேட்டேன். "துப்பட்டா கேக்குறாங்க, செய்யறோம். ஆனா சாமி துணின்னா முப்பது வருஷம் தாங்கணும்னு எழுதுவோம். துப்பட்டாவுக்கு அந்தப் பொறுமை வேண்டியதில்லையே" என்றார். அந்தக் குரலில் கொஞ்சம் கர்வமும் இருந்தது, கொஞ்சம் கவலையும் இருந்தது.

யோருபா நாட்டில் இதன் தூரத்து உறவு ஒன்று இருக்கிறது. மரவள்ளிக் கிழங்கு மாவைக் கூழாகக் காய்ச்சி, கோழி இறகால் துணியில் எழுதி, அவுரித் தாழியில் முக்குகிறார்கள். கூழ் பட்ட இடம் வெளுத்து நிற்க, மற்ற இடமெல்லாம் நீலம். இதற்கு ஆதிரே என்று பெயர். அபேயோகுட்டாவிலும் ஒஷோக்போவிலும் இது பெண்களின் தொழில். சாயம் போடுவதும் அவர்கள், சந்தையில் விற்பதும் அவர்கள். ஆலைச் சாயம் வந்தபோது அதுவும் ஆட்டம் கண்டது. ஆனால் சாகவில்லை. வாங்கியது ஒரு ராஜா அல்ல, ஊர் முழுக்க இருந்த பெண்கள். நிக்கே டேவிஸ் ஒகுண்டாயே என்ற ஓவியர் 1983-இல் ஒஷோக்போவில் ஒரு பயிற்சி நிலையம் தொடங்கி, ஆதிரே எழுத ஏராளமானோருக்குக் கற்றுக்கொடுத்தார். கருப்பூருக்கு அப்படி ஒருவர் வேண்டியிருந்தது. அதைவிட, சந்தைக்குப் போகும் ஆயிரம் பெண்கள் வேண்டியிருந்தார்கள்.

மயிலாடுதுறையின் கூறைநாட்டிலும் இதே கணக்கு. பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்டு நெய்த கூறைப்புடவையைத் தாலி கட்டும் நேரத்தில் பெண் உடுத்த வேண்டும் என்பது பல சாதிகளில் விதி. அதனால் டெல்டா வீடுகளின் பெட்டிகளில் ஒரு கூறை நிச்சயம் கிடக்கும். இப்போது முகூர்த்தத்துக்குக் காஞ்சிப் பட்டு வந்துவிட்டது. சாஸ்திரத்துக்கு ஒரு கூறை வாங்குகிறவர்கள் இருக்கும்வரை தறி ஓடும்.

மயிலாடுதுறைக்குக் கொஞ்சம் முன்னால் திருவாவடுதுறை. ஆதீனத்தின் நாகஸ்வர வித்வானாக இருந்த டி. என். ராஜரத்தினம் பிள்ளையை (1898–1956) இங்கே சொல்லாமல் போக முடியாது. கிராப்பு வைத்து, ஷெர்வானி போட்டு, மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்றவர். அது எத்தனை பெரிய கலகம் என்று இன்றைக்குப் புரியாது. நாகஸ்வரக்காரர் பெரிய மனிதர்களுக்கு முன்னால் நின்றபடி வாசிக்க வேண்டும், தோளில் துண்டு இருக்கக்கூடாது, இருந்தால் இடுப்புக்கு இறங்க வேண்டும். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் வித்வானின் தோள் துண்டை எடுக்கச் சொன்னபோது, எடுக்காதே என்று முன்னால் வந்து நின்றவர் சுயமரியாதைப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரி. வியர்வை துடைக்கும் ஒன்றரை முழத் துண்டுக்காக அன்று ஊர்வலமே நின்றது.

கோவிலுக்குள் போனால் இன்னும் வேடிக்கை. சுவாமி முன்னால் யாரும் தலையில் துணியோடு நிற்கக்கூடாது. சட்டையைக் கழற்ற வேண்டும், துண்டை இடுப்பில் கட்ட வேண்டும். ஆனால் ஊரில் முதல் மரியாதைக்காரர் வந்தால், சுவாமிக்குச் சாத்திய துணியையே எடுத்து அர்ச்சகர் அவர் தலையில் சுற்றுவார். அதுதான் பரிவட்டம். நீயாகக் கட்டிக்கொண்டால் அபசாரம், கோவில் கட்டிவிட்டால் கௌரவம். யாருக்கு முதல் பரிவட்டம், யாருக்கு இரண்டாவது என்று இரண்டு முழத் துணிக்காகத் தேர் நிலைக்கு வராமல் நின்ற ஊர்கள் உண்டு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வழக்குகள் உயர்நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. யோருபாக்காரன் ராஜா முன்னால் குல்லாவைக் கழற்றுகிறான். ஆனால் வீட்டுக்குப் போய் அதைத் திரும்பப் போட்டுக்கொள்ள அவனுக்கு யாரிடமும் அனுமதி வேண்டியதில்லை. நம் டெல்டாவில் தலைத்துணி சொந்தச் சொத்தாக இருந்ததே இல்லை. மேலே உள்ள ஒருவர் கட்டிவிட்டால் கட்டிக்கொள்ளலாம், அவிழ்க்கச் சொன்னால் அவிழ்க்க வேண்டும்.

தரங்கம்பாடிக்குப் போனபோது வெயில் உச்சியில் நின்றது. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி மஞ்சளாக நிற்கிறது. மிளகு தேடி வந்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். துணியும் ஏற்றினார்கள். அவர்களுக்கு மேற்கு ஆப்பிரிக்கக் கரையில், இன்றைய கானாவின் ஆக்ராவில், கிறிஸ்டியன்ஸ்போர்க் என்று இன்னொரு கோட்டை இருந்தது. அங்கே நடந்தது அடிமை வியாபாரம். ஐரோப்பியர்கள் அந்தக் கரையில் மனிதர்களை வாங்கக் கொடுத்த சரக்குகளில் இந்தியப் பருத்தித் துணிக்குப் பெரிய இடம் உண்டு; சோழமண்டலக் கரையின் நீலத் துணிக்குக் கினியாத் துணி என்றே பெயர் விழுந்துவிட்டது. கோட்டையின் நிழலில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தபடி இதை நினைத்தேன். நம் தறியின் பெருமையைப் பேசும்போது இந்தப் பக்கத்தையும் சேர்த்தே பேச வேண்டும்.

பக்கத்திலேயே காரைக்கால். அடிமை முறையை பிரான்ஸ் 1848-இல் ஒழித்த பிறகு, அதன் கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்தார்கள். மார்த்தினீக்குக்கு 1853-இலும் குவாதலூப்புக்கு 1854-இலும் முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்கு முன்னாலேயே நம் கட்டம் போட்ட கைத்தறி அங்கே போய்விட்டிருந்தது. மத்ராஸ் என்று அதற்குப் பெயர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்டவர்களின் வழிவந்த பெண்கள் அந்தத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டார்கள். கட்டின் நுனிகள் மேலே துருத்தி நிற்கும். ஒரு நுனி என்றால் மனசு காலி. இரண்டு என்றால் ஒருவருக்குக் கொடுத்தாயிற்று. மூன்று என்றால் கல்யாணம் ஆனவள். நாலு என்றால், கல்யாணம் ஆனவள்தான், ஆனாலும் முயன்று பார்ப்பவர்க்கு இடமுண்டு! மார்த்தினீக், குவாதலூப் இரண்டிலும் இன்றும் இது பாரம்பரிய உடை. தலையில் துணி கட்டும் ஆப்பிரிக்கப் பழக்கமும் கட்டம் போடும் நம் தறியும் சேர்ந்து உண்டாக்கிய இந்த மொழி, கட்டத் துணியை அனுப்பிய கரையில் ஒருவருக்கும் தெரியாது. இதே ரகத் துணி இருபதாம் நூற்றாண்டு முழுக்கச் சென்னை, சீராலா பக்கத் தறிகளிலிருந்து நைஜீரியாவுக்கும் போயிற்று. நைஜர் டெல்டாக்காரர்கள் இடுப்பில் கட்டிக்கொண்டார்கள்.

நாகூரில் அதிகம் நிற்கவில்லை. தர்காவுக்குள் போக எல்லோரும் தலையை மூட வேண்டும். கைக்குட்டையை முடிச்சுப் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு சாதி வித்தியாசம் பாராமல் கூட்டம் நுழைகிறது. 131 அடி உயரப் பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங்.

நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர் நோக்கிப் போகும் பாதையில் கீழ்வெண்மணிக்குத் திரும்பினேன். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்காக 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்திய ஊர். பெண்களும் குழந்தைகளும் வயதானவர்களும்தான் பெரும்பகுதி. நினைவிடத்தில் பெயர்கள் இருக்கின்றன. அங்கே துணியைப் பற்றிப் பேச வாய் வராது. ஆனால் அந்த இரவுக்குப் பின்னால் இருந்த கதையில் துணியும் உண்டு. மிராசுதார் எதிரே வந்தால் பண்ணையாள் தலைமுண்டாசை அவிழ்த்து அக்குளில் இடுக்க வேண்டும். வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது. பெண்கள் ரவிக்கை போடக்கூடாது. மீறினால் சவுக்கடி, சாணிப்பால். 1940-களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் கீழத்தஞ்சையில் சங்கம் கட்டியபோது போராடி மீட்ட முதல் உரிமைகள் இவைதான் என்று பழைய தோழர்கள் சொல்வார்கள். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்று செங்கொடிக்காரர் சிவப்புத் துண்டு போடுகிறார், விவசாயச் சங்கத்தார் பச்சைத் துண்டில் தலைப்பாக் கட்டிக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காருகிறார்கள். முண்டாசை அவிழ்க்கச் சொல்ல இப்போது ஒருவருக்கும் துணிச்சல் கிடையாது. அந்தத் துண்டுகளைச் சந்தையில் மலிவாக விற்கும் விசைத்தறித் துணி என்று யாராவது மூக்கைச் சுளித்தால், சுளித்துக்கொள்ளட்டும்.

சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. திருவாரூர்ப் பக்கம் இயந்திர நடவு பாதியைத் தின்றுவிட்டது. மீதிப் பாதியில் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய உடையை எந்த அருங்காட்சியகமும் இன்னும் சேகரிக்கவில்லை. புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகி, மேலே வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை, பொத்தான் போட்டபடி. தலையில் துண்டு, முகம் பாதி மூடி. நாற்றங்காலில் ஓர் அம்மா நாற்றுமுடிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பழைய துணியை எடுத்து உதறினார். இரண்டு கையிலும் பிடித்து முறுக்கினார். முறுக்கியதை இடது உள்ளங்கையில் வளைத்து வளைத்து, கடைசி நுனியை அடியில் செருகி, தலையில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். சும்மாடு தயார். எல்லாம் நாலு மூச்சுக்குள். தண்ணீர் சொட்டும் நாற்றுக்கட்டு அதன்மேல் ஏறியது.

"என்னம்மா அது, பழைய புடவையா?"

"எங்க மாமியா புடவைத் தலைப்பு தம்பி. புதுத் துணி வழுக்கும். பழசுதான் தலையில நிக்கும்."

"தடவை தடவைக்குச் சுத்தணுமா?"

"பின்னே? ஒவ்வொரு பாரத்துக்கும் ஒரு சுத்து. நெல்லுக் கட்டுக்குப் பெருசா வேணும், தண்ணிக் கொடத்துக்குச் சின்னதாப் போதும்" என்று சொல்லிக்கொண்டே வரப்பில் இறங்கிவிட்டார். கையால் பிடிக்கவே இல்லை.

யோருபா நாட்டுச் சந்தைப் பெண்களும் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்துத்தான் பாரம் தூக்குகிறார்கள். கெலேயைப் பற்றிப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. சும்மாட்டைப் பற்றி எந்த நாட்டிலும் அதிகம் எழுதியவர்கள் இல்லை. அனுமதி கேட்காமல், யாரும் கட்டிவிடாமல், டெல்டாவில் எல்லாக் காலத்திலும் தலையில் இருந்த ஒரே துணி இதுதான். ராஜாவின் தலைப்பாகை போயிற்று, வக்கீலின் தலைப்பாகை போயிற்று, சும்மாடு போகவில்லை.

இன்னொரு தலைக்கட்டும் மிச்சமிருக்கிறது. கருமாதி அன்று, கொள்ளி வைத்த மகனுக்கு மாமன் வீட்டார் புதுத்துணி கொண்டுவந்து உருமா கட்டுவார்கள். அப்பன் போனபின் வீட்டுக்கு இனி நீதான் என்று உறவுமுறை முன்னால் சொல்வது அது. சட்டை பேன்ட் போட்ட பையன்கள் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து, அன்று ஒரு நாள் தலையைக் குனிந்து கொடுக்கிறார்கள். மாமனுக்குச் சரியாகக் கட்டத் தெரியாமல் பக்கத்திலிருக்கும் பெரியவர்கள் கை கொடுப்பதும் நடக்கிறது.

கடைசியாக மன்னார்குடி. முதலாம் குலோத்துங்க சோழன் கட்டிய ராஜகோபால சுவாமி கோவில், மதிலழகுக்குப் பேர்போனது. உற்சவர் இடைப்பிள்ளை. கையில் மாடு மேய்க்கும் செண்டு, ஒரு காதில் குண்டலம், மறு காதில் தோடு. அவசரத்தில் யாருடையதையோ மாற்றிப் போட்டுக்கொண்டாராம். ஒரே ஒரு நீளத் துணிதான் உடுப்பு: பாதி இடுப்பில் வேட்டி, மீதி தலையில் முண்டாசு. மிராசு பூமியின் நடுவில், தலைக்கட்டை அவிழ்க்கச் சொல்லிய ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்ட சாமி, மாட்டுக்காரன் முண்டாசோடு நிற்கிறார். அந்த முரண்பாடு அவர்கள் கண்ணில் பட்டதா என்பது எனக்குத் தெரியவில்லை. கண்ணில் படாமல் இருப்பதற்கும் பழக்கம் வேண்டும்.

பங்குனியில் 18 நாள் பிரம்மோற்சவம். 16-ஆம் நாள் வெண்ணெய்த்தாழி அன்று ஊரே வீதியில் நின்று பெருமாள்மேல் வெண்ணெய் வீசும். பார்க்க வேண்டிய திருவிழாதான். ஆனால் அந்த நாட்களில் அலங்காரம் மாறிக்கொண்டே இருக்கும், கூட்டமும் விடாது. ஒற்றைத் துணியையும் முண்டாசையும் பார்க்க வேண்டுமென்றால் திருவிழா இல்லாத ஒரு வாரநாளில் காலையிலேயே போய்விடுங்கள்.